பாக் வரிஸ்மானுக்குப் பின்னால் ஏழு கிலோமீட்டர்

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு இடமாற்றம். ஜகார்த்தாவிலிருந்து செமாராங்குக்கு. என் மனைவி வுலான் அங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறாள். மகள் கினானுக்கு அப்போது இரண்டு வயது. நான் மட்டும் ஜகார்த்தாவின் தெபெத்தில் ஒரு வாடகை அறையில், கையை நீட்டினால் நான்கு சுவரையும் தொடுகிற அளவில், குடித்தனம் என்று சொல்லிக்கொண்டு கிடந்தேன். எங்கள் காப்பீட்டு நிறுவனத்தில் மாற்றல் கடிதத்தில் கையெழுத்துப் போடும் பேனா ஒரே ஒருவருடைய சட்டைப்பையில்தான் இருந்தது. அவர் மண்டல மேலாளர் பாக் வரிஸ்மான். ஐயா என்பதற்குத்தான் எங்கள் பக்கம் பாக். அதை விட்டுவிட்டு அவர் பெயரைக் கனவில் சொன்னால்கூட நான் எழுந்து மன்னிப்புக் கேட்பேன்.

வேறு ஆளாக இருந்தால் கதவைத் தட்டி, என்னை ஊருக்கு அனுப்புங்கள் என்று கேட்டிருப்பான். நாங்கள் ஜாவாக்காரர்கள். பக்கத்து வீட்டில் உப்பு வாங்கப் போனாலும் மழையில் ஆரம்பித்து மாமியார் உடல்நலம் வழியாகத்தான் உப்புக்கு வருவோம். அதிலும் மேலதிகாரியிடம் எனக்கு இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதைப் போன்ற அநாகரிகம் வேறில்லை. அவராகப் புரிந்துகொள்ள வேண்டும். புரியும்படி நாம் நடந்துகொள்ள வேண்டும். கொக்கு தலையில் வெண்ணெய் வைத்துப் பிடிக்கிற வேலைதான், ஆனால் எங்களுக்கு அதுதான் மரியாதை.

அந்த நேரம் பார்த்து பாக் வரிஸ்மானுக்கு மடக்கு சைக்கிள் பைத்தியம் பிடித்தது. ஊரில் பாதிப் பேருக்குப் பிடித்திருந்ததுதான். நோய்க்காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்கள் கதவு திறந்ததும் ஆளுக்கொரு சின்னச் சக்கர வண்டியோடு வெளியே வந்தார்கள். இவர் வாங்கியது இங்கிலாந்தில் செய்தது. பச்சை நிறம், ஆறு கியர், மூன்றாக மடியும். வாங்கிய திங்கட்கிழமை, ஓட்டுநர் மடித்துக் கொடுத்ததை அலுவலகத்துக்குள் கொண்டுவந்து மேசைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அடுத்த திங்கட்கிழமைக்குள் எங்கள் தளத்தில் எட்டுப் பேர் சைக்கிள்காரர்களாகியிருந்தார்கள். ஒன்பதாவது ஆள் நான்.

சைக்கிள் வாங்குகிறவன் பாதைக்கும் உடம்புக்கும் ஏற்றதாகப் பார்ப்பான். நான் பதவிக்கு ஏற்றதாகப் பார்த்தேன். பாசார் ரும்புத் சந்தையில் வரிசையாகச் சைக்கிள் கடைகள். ஒரு கடைக்காரர், தினமும் எவ்வளவு தூரம், மேடு உண்டா என்று விசாரித்தார். என் மேலாளர் பச்சை நிறம் வைத்திருக்கிறார் என்றேன். அவர் உடனே தலையாட்டினார்.

"மேலாளருக்கு எத்தனை கியர்?"

"ஆறு."

"அப்ப உங்களுக்கு மூணு போதும். துணை மேலாளர் ஒருத்தர் இருப்பாரே, அவர் என்ன வச்சிருக்கார்?"

"தைவான் வண்டி. நீலம்."

"அப்ப நீங்க நம்ம நாட்டு வண்டி எடுங்க. சாம்பல் நிறம் இருக்கு. யார் கண்ணையும் உறுத்தாது."

இத்தனை தெளிவாக எனக்கு யாரும் வேலை இடத்து ஒழுக்கத்தைச் சொல்லிக்கொடுத்ததில்லை. அந்தச் சாம்பல் வண்டியும் மூன்றாகத்தான் மடியும். ஆனால் கடைசி மடிப்பில் கைப்பிடியை ஒரு தட்டு தட்ட வேண்டும். அதுவும் நல்லதுதான், ஒரு குறை இருக்கிறதல்லவா என்று நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதத்தில் தெரிந்தது, வண்டி தாழ்வாக இருந்தால் மட்டும் போதாது. பாக் வரிஸ்மான் பார்த்து இரண்டு வார்த்தை சொல்வதற்கும் அதில் ஏதாவது இருக்க வேண்டும். தோல் இருக்கை போட்டேன். பித்தளை மணி போட்டேன். லேசான பெடல், லேசான இருக்கைக் கம்பி, லேசான திருகுகள். கையில் வந்த சம்பளமும் லேசாகிக்கொண்டே போனது. முன்னால் ஒரு பை மாட்டினேன். அதில் காற்றடிக்கும் பம்பு, மாற்று ட்யூப், திருப்புளி, துண்டு, தைலம், பாக் வரிஸ்மானுக்குப் பிடித்த இஞ்சி மிட்டாய். எல்லாம் அவருக்கு. என் தண்ணீர் பாட்டிலுக்குத்தான் அதில் இடமில்லை.

எங்கள் குழுவில் எடை போடும் வழக்கம் ஒன்றும் இருந்தது. மாதம் ஒருமுறை மீன்காரர் வைத்திருப்பதுபோன்ற ஒரு தொங்கு தராசில் ஒவ்வொருவர் வண்டியையும் மாட்டிப் பார்ப்பார்கள். ஒருநாள் பாக் வரிஸ்மானுடையது பத்துக் கிலோ இருநூறு கிராம் காட்டியது. அடுத்து மாட்டிய என் வண்டி பத்துக் கிலோ நூறு. எல்லாரும் பாக் வரிஸ்மான் முகத்தைப் பார்த்தார்கள். நான் உடனே, அட, பூட்டை மறந்துவிட்டேனே என்று சொல்லி இரண்டு கிலோ இரும்புச் சங்கிலியை எடுத்துக் கம்பியில் சுற்றினேன். அதற்கப்புறம்தான் எல்லாரும் மூச்சு விட்டார்கள். மூன்று மாதம் காசைக் கொட்டிக் குறைத்த எடையை அரை நிமிடத்தில் திரும்ப ஏற்றிய மனிதன் ஜகார்த்தாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன் என்று நினைத்தேன். பிறகு விசாரித்ததில் துணை மேலாளர் பாக் ருஸ்தி தன் வண்டிக் குழாய்க்குள் மணல் நிரப்பி வைத்திருப்பது தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சுதிர்மான் சாலையில் கார்கள் வராது. பாக் வரிஸ்மான் மட்டும் சாலை தொடங்கும் இடம் வரை காரில் வருவார். ஓட்டுநர் டிக்கியைத் திறந்து சைக்கிளை எடுத்து விரித்துக் கொடுப்பார். பிறகு புறப்படுவோம். முதலில் அவர், இரண்டு சக்கர தூரம் விட்டு பாக் ருஸ்தி, அதற்குப் பின் நான், எனக்குப் பின் மற்றவர்கள் பதவி வரிசைப்படி. நீரூற்று வட்டத்தில் சிலைக்குக் கீழே படம் எடுப்போம். ஏழு கிலோமீட்டர் ஆனதும் கோழிக் கஞ்சிக் கடை. அங்கே ஆளுக்கு இரண்டு கிண்ணம் கஞ்சி, பொரித்த குடல், அவித்த காடை முட்டை, இனிப்புத் தேநீர். மிதித்துக் கரைத்ததை உட்கார்ந்து இரட்டிப்பாக ஏற்றிக்கொண்டு, உடம்பு எவ்வளவு லேசாக இருக்கிறது என்று பேசிக்கொள்வோம். எங்கள் ஜெர்சியின் முதுகில் "மடங்குவோம், முறியமாட்டோம்" என்று எழுதியிருக்கும். எழுதியது பாக் ருஸ்தி. அனுபவத்தில் எழுதினார்.

இதற்கு முன்பு நான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சனிக்கிழமை ரயிலேறி செமாராங் போய் ஞாயிறு மாலை திரும்புவேன். சைக்கிள் வந்தபின் மாதம் ஒருமுறையானது. பிறகு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை. ஊருக்குப் போக மாற்றல் வேண்டும், மாற்றலுக்கு ஞாயிற்றுக்கிழமை வேண்டும், ஞாயிற்றுக்கிழமை இங்கே இருந்தால் ஊருக்குப் போக முடியாது. கணக்கு டீச்சரான வுலான் இதை ஒருமுறை தொலைபேசியில் கேட்டுவிட்டு, சரி மாஸ், என்றாள். எங்கள் பக்கம் புருஷனையும் அண்ணன் வயதுக்காரரையும் மாஸ் என்பார்கள். சண்டை போடாத மனைவி கிடைத்ததற்கு நான் சந்தோஷப்பட்டேன்.

குறிப்புக் காட்டுவதில் நான் குறை வைக்கவில்லை. மாதம் தவறாமல் பாக் வரிஸ்மானுக்கு மூங்கில் குருத்து வைத்துச் சுருட்டிப் பொரித்த செமாராங் லும்பியா ஒரு கூடை கொடுப்பேன். ஊருக்குப் போகாத மாதங்களில் அதை ஜகார்த்தாவிலேயே ஒரு கடையில் வாங்கி, ரயிலில் வந்தது போலக் கொஞ்சம் கசக்கிக் கொடுப்பேன். செமாராங்கின் பழைய ஆயிரம் கதவு மாளிகையைப் படமாகப் போட்ட தொப்பி அணிந்தேன். செமாராங்கில் இந்த வாரம் வெயில் அதிகமாம் பாக், என்பேன். இங்கேயும்தான், என்பார். ஒருமுறை துணிந்து, என் மகளுக்கு என் முகம் மறந்துவிடும்போல இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தேன். அவர் என் தோளைத் தட்டிக் கண்ணைச் சிமிட்டினார். புரிந்துவிட்டது, இனி நாள்தான் கணக்கு என்று நான் அன்று இன்னொரு கிண்ணம் கஞ்சி சாப்பிட்டேன்.

இப்படியே மூன்று ஆண்டு போயிற்று.

குழுவின் மூன்றாவது ஆண்டு விழாவில் மடக்கும் போட்டி வைத்தார்கள். விசில் அடித்ததும் யார் சைக்கிளை முதலில் மடித்து நிறுத்துகிறார்களோ அவர் வென்றவர். பாக் வரிஸ்மானே முன்மொழிந்தார். அவர் வண்டியை மூன்று ஆண்டாக மடித்தும் விரித்தும் வந்தவர் அவருடைய ஓட்டுநர் என்பது அவருக்கு நினைவில்லை.

விசில் அடித்தது. பாக் வரிஸ்மான் முதலில் செய்ய வேண்டியதைக் கடைசியிலும் கடைசியில் செய்ய வேண்டியதை முதலிலும் செய்தார். பின்சக்கரத்தை உள்ளே மடிக்காமல் கைப்பிடியை மடித்தார். அது அவர் முழங்காலில் இடித்தது. திரும்ப விரித்தார். அவர் முடிக்காமல் நாங்கள் முடிக்க முடியாது. பாக் ருஸ்தி மூக்குக்கண்ணாடியைக் கீழே போட்டுவிட்டுத் தடவித் தடவித் தேடினார். அது அவர் காலடியிலேயே கிடந்தது. கணக்குப் பிரிவு ஆள் தும்மத் தொடங்கி நிறுத்தவே இல்லை. நான் இரண்டு காலணி நாடாவையும் அவிழ்த்துக் கட்டினேன், பிறகு கட்டியது சரியில்லை என்று அவிழ்த்தேன். நான்கு நிமிடம் ஆயிற்று. பதினொரு பெரிய மனிதர்கள், தினமும் மடிக்கிற வண்டியை மடிக்கத் தெரியாமல் நடுச்சாலையில் திணறுவதை மக்காச்சோளம் விற்கிறவர் அடுப்பை விட்டுவிட்டு வந்து பார்த்தார்.

இத்தனைக்கும் போட்டி முதல் பதினாறு விநாடியிலேயே முடிந்திருந்தது. தணிக்கைப் பிரிவுக்குப் புதிதாக வந்த இபு மர்சிந்தா (ஆணுக்குப் பாக், பெண்ணுக்கு இபு), எதையும் நேராகக் கேட்டுவிடுகிற மேதான் பக்கத்து பத்தாக் இனத்துப் பெண், விசில் அடித்ததும் டக் டக் டக்கென்று மூன்று மடிப்பு மடித்து, மடித்த வண்டிமேலேயே உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து, "ஏன் மாஸ், உங்க வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்றும் கேட்டார். பாக் வரிஸ்மான் சிரித்துக்கொண்டே பரிசைக் கொடுத்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நாங்கள் அந்தப் பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டோம்.

ஒன்பது நாளில் இபு மர்சிந்தாவுக்கு மாற்றல் வந்தது. செமாராங்குக்கு.

அலுவலகமே, பார்த்தாயா, ஜெயித்தவளைத் தூக்கி அடித்துவிட்டார் என்று கிசுகிசுத்தது. எனக்குத் தலை சுற்றியது. ஜகார்த்தாவை விட்டு அனுப்புவதுதான் அவர் அகராதியில் தண்டனை என்றால், மூன்று ஆண்டாக நல்ல பெயர் எடுத்து எடுத்து நானே என்னை இங்கே ஆணி அடித்து வைத்திருக்கிறேன். அன்று அறையில் என் சாம்பல் சைக்கிளை ஓங்கி ஓர் உதை விட்டேன். அது கைப்பிடியைத் தட்டாமலே மடிந்துகொண்டது.

வரும் ஞாயிறு அவரைக் கோபப்படுத்துவது என்று முடிவு செய்தேன். இரும்புச் சங்கிலியைக் கழற்றினேன். இஞ்சி மிட்டாயை நானே தின்றேன். மூன்றாவது கிலோமீட்டரில், என் வாழ்நாளில் முதல் முறையாக, மணியடித்துக்கொண்டு பாக் ருஸ்தியைத் தாண்டினேன். அவர் "வேண்டாம்பா, வேண்டாம்" என்றது காதில் விழுந்தது. பிறகு பாக் வரிஸ்மானையும் தாண்டினேன். தாண்டியதோடு நிற்கவில்லை, நீரூற்று வட்டத்தில் அவருக்காகக் காத்திருக்காமல், சிலைக்குக் கீழே படமும் எடுக்காமல், நேராகக் கஞ்சிக் கடைக்குப் போய் அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்து கஞ்சி கேட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவர் வந்தார். மற்றவர்களைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. அதைப் பார்த்து எனக்குப் பயம் அதிகமாயிற்று.

"என்ன ஹெந்தார்த்தோ, வீட்டுல பிரச்சினை முத்திப்போச்சா?"

எந்த வீட்டில் பாக், என்று கேட்டேன்.

"மறைக்காதே. இன்னிக்கு நீ மிதிச்ச மிதியைப் பார்த்தேனே. விவாகரத்து வரைக்கும் வந்துட்டியா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். மூன்று ஆண்டாக அவர் எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். மனைவியும் குழந்தையும் வேறு ஊரில். ஆனால் அநேகமாக எல்லா ஞாயிறும், மழை பெய்தாலும், நோன்பு மாதத்திலும், இவன் இங்கே சைக்கிளோடு நிற்கிறான். மகளுக்கு முகம் மறந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். ஊர் லும்பியாவைத் தான் தின்னாமல் அடுத்தவனுக்குக் கொடுக்கிறான். இதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். பதிலையும் அவரே சொன்னார்.

"நானும் வீட்டுல இருக்க முடியாமத்தான் இந்தச் சைக்கிளை வாங்கினேன். எனக்குத் தெரியாதா? அதனாலதான் உன்னைக் காப்பாத்தினேன்."

"எப்படிக் காப்பாத்தினீங்க பாக்?"

"குடும்பம் இருக்கற ஊருக்கு மாத்தச் சொல்லி வருஷா வருஷம் தலைமை அலுவலகத்துலேர்ந்து பட்டியல் வரும். மூணு வருஷமும் உன் பேரு முதல்ல இருந்தது. மூணு வாட்டியும் நான்தான் அடிச்சேன். உன்கிட்ட சொல்லிக்காட்டக் கூடாதுன்னு இருந்தேன்."

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். நான் அழாமலிருந்தது மட்டுமில்லை, பால் கிண்ணத்தோடு வந்தவரைப் பார்த்து மூன்று ஆண்டாகச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறேன்.

இபு மர்சிந்தாவைப் பற்றிக் கேட்டேன். போட்டியில் ஜெயித்ததற்காக அனுப்பினீர்களா என்றே கேட்டுவிட்டேன். எந்தப் போட்டி என்று அவர் யோசித்தார். பிறகு சொன்னார்: "அந்தப் பொண்ணு திங்கட்கிழமை வந்து, செமாராங்குல இடம் காலியா இருக்கு, எனக்குக் குடுங்கன்னு கேட்டுச்சு. குடுத்தேன். ரெண்டு நிமிஷ வேலை. இதுல என்ன இருக்கு?"

இரண்டு நிமிடம். நான் மிதித்த தூரத்தை மனதில் கூட்டிப் பார்க்கப் போய் பாதியில் விட்டுவிட்டேன். கிண்ணத்தைக் கீழே வைத்தேன். வாயைத் திறந்தபோது மழை பற்றி ஒரு வாக்கியம்தான் முதலில் வந்தது; அதை விழுங்கினேன்.

"பாக், எனக்கு வீட்டுக்குப் போகணும். என் பொண்டாட்டிகிட்டயும் பொண்ணுகிட்டயும் போகணும். மூணு வருஷமா அதுக்காகத்தான் உங்க பின்னால வந்தேன்."

அவர் காடை முட்டையைக் கரண்டியால் உருட்டிக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் முகம் சிறுத்துப்போனது.

"அப்ப, ஞாயித்துக்கிழமை வந்ததெல்லாம்... பிடிச்சு வரலையா?"

அந்தக் கேள்விக்கு நான் தயாராக இருக்கவில்லை. மூன்று ஆண்டில் அவர் என்னிடம் கேட்ட உண்மையான கேள்வி அது ஒன்றுதான். ஆமாம் சாமி போடவே பழகிய நாக்கு, பிடித்துத்தான் வந்தேன் என்று சொல்லத் துடித்தது. சைக்கிள் பிடித்திருந்தது பாக், என்றேன். அவர் தலையை ஆட்டினார். நான் அவரை ஏமாற்றியதாக அன்றைக்குத்தான் உணர்ந்தேன், வெட்கமாக இருந்தது. பாவம், மனிதர் என்னை நண்பன் என்று எண்ணியிருக்கிறார்.

செமாராங் இடம் போய்விட்டது, இனி இரண்டு ஆண்டுக்கு அங்கே காலியில்லை என்றார். பெக்கலோங்கான் கிளையில் ஓர் இடம் இருக்கிறது, செமாராங்கிலிருந்து ஒன்றரை மணி நேர ரயில், ஆனால் பதவியில் ஒரு படி இறங்க வேண்டும், யோசித்து ஒரு வாரத்தில் சொல் என்றார். யோசிக்க ஒன்றுமில்லை, போகிறேன் என்றேன். அவர் எழுந்து, தன் சைக்கிளைத் தானே மடிக்கப் பார்த்தார். நான் கை நீட்டினேன். வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, மடிக்காமலே உருட்டிக்கொண்டு போனார்.

கடைக்கு வெளியே நின்று வுலானைக் கூப்பிட்டேன். மாற்றல் கிடைத்த கதையைச் சொன்னேன். மூச்சுவிடாமல் சொன்னேன். மூன்று முறை என் பெயரை அடித்ததைச் சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"பாரேன், நான் உன்னை விட்டு ஓடி ஒளியறேன்னு மனுஷன் நினைச்சிருக்கார்."

அவள் சிரிக்கவில்லை. பின்னால் கினான் யாரிடமோ பொம்மைக்காகச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது.

"அவர் மட்டுமா, மாஸ்? நானும் அப்படித்தான் நினைச்சேன். அந்த ஞாயித்துக்கிழமைக் கணக்கெல்லாம் சாக்குன்னு."

நீ ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா?"

சாலையில் ஆயிரம் பேர் மிதித்துக்கொண்டு போனார்கள். நான் ஓரமாக நின்று அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பீர் ரயில் நிலையத்துக்கு மிதித்தேன். செமாராங் போகும் பகல் வண்டியில் இடம் இருந்தது.